முன்னூறு தட்டுகளின் இரண்டாம் பக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

நான் நலம். முதுகுவலி மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் எப்படி?

போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம், இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். இதில் ஒரு வசதி, நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

ஆலையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இசைத்தட்டு செத்துவிட்டது என்று எல்லோரும் அழுது, முகம் கழுவி, வேறு வேலைக்குப் போன பிறகு அது எழுந்து உட்கார்ந்துவிட்டது. பிரஸ் மெஷின்கள் இரண்டு ஷிஃப்டிலும் ஓடுகின்றன. யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கப் போன மாதம் ஒரு கடையில் அரைநாள் உட்கார்ந்தேன். ஒரு ஆள் வந்து, "பச்சை கலர்ல என்ன பாட்டு இருக்கு?" என்று கேட்டான். வீட்டில் சோபா பச்சையாம். கடைக்காரர் சிரிக்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னிடம், "பாதிப் பேர் வீட்டுல பிளேயரே கிடையாது சார். மேல இருக்கிற கவரைக்கூடப் பிரிக்க மாட்டாங்க. சுவத்துல மாட்டி போட்டோ எடுத்துப் போடுவாங்க. பாட்டு கேக்கணும்னா போன்," என்றார்.

இந்தக் கூட்டத்துக்காகத்தான் நான் தட்டில் தூசி, கீறல், வளைவு என்று தேடிக்கொண்டிருக்கிறேன். மெஷினில் புது அச்சு மாட்டினால், வெளிவரும் முதல் தட்டைப் பரிசோதகர் இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்க வேண்டும் என்பது ஆலையின் விதி. நான் கேட்பதில்லை. விளக்குக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்தால் போதும், வரிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆலையில் எனக்கு "விளக்கு" என்று பட்டப்பெயரே உண்டு. வாங்குகிறவனே கேட்காததை நான் ஏன் கேட்க வேண்டும்?

முக்கியமான செய்தி. எங்கள் பரிசோதனைப் பிரிவுத் தலைவர் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லிவிட்டார். "அதுவரைக்கும் ஒரு புகார் வராம பாத்துக்கய்யா. மீதியை நான் பாத்துக்கிறேன்," என்றார். பதினெட்டு வருஷமாக நான் காத்திருக்கும் நாற்காலி, அக்கா.

அத்தானுக்கு என் விசாரிப்பைச் சொல்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. மற்றபடி சுகம். உன் முதுகுக்கு நாற்காலி மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. ஆகட்டும்.

நீ ஏதோ புது உலகத்தைக் கண்டுபிடித்ததுபோல எழுதியிருக்கிறாய். நான் கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக நிற்கிறேன். பார்வை சரியாக இருக்கிறவர்கள் வந்து வெறும் கண்ணாடி மாட்டிக்கொண்டு போகிறார்கள். போன வாரம் ஒருவர், "நிறையப் படிக்கிற ஆள் மாதிரி தெரியணும், ஆனா ரொம்பத் தெரியக்கூடாது," என்று கேட்டார். நான் அவருக்கு மூன்று சட்டகம் எடுத்துக் காட்டினேன். ஜனங்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிக்காமல் இருப்பதுதான் வேலை.

அப்புறம், போனைக் கையில் வைத்துக்கொண்டு தபால்தலை ஒட்டி எழுதுகிற நாம் இருவரும் அந்தச் சோபாக்காரனைப் பழிப்பது கொஞ்சம் அதிகம்.

இங்கேயும் ஒரு பைத்தியம் கிளம்பியிருக்கிறது. உன் அத்தானின் லிஃப்ட் கம்பெனியை வேறு யாரோ வாங்கினார்கள், அக்டோபரில் ஆட்களைக் குறைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். போனில் ஒரு மெசேஜ் வந்தது. மறுநாள் காலை இவருடைய அடையாள அட்டைக்கு வாசல் கேட் திறக்கவில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. போன மாதம் ஒரு ரெக்கார்ட் பிளேயரோடு வந்து இறங்கினார். 

"போன்லயே உலகத்துப் பாட்டெல்லாம் வருதே, இது எதுக்கு?" என்றேன்.

"அது தானா அடுத்ததுக்குப் போயிடும். இதை நான் எந்திரிச்சுப் போய்த் திருப்பிப் போடணும்."

"எந்திரிக்கிறதுக்கா காசு குடுத்தீங்க?"

"ஆமா."

இவ்வளவுதான் எங்கள் வீட்டில் இந்த மாதத்துப் பேச்சுவார்த்தை. முன்னறையில் உட்கார்ந்து தட்டைப் பச்சைக்குழந்தையைத் துவட்டுவதுபோலத் துடைக்கிறார். உன் வியாபாரம் வளர எங்களால் ஆன உதவி.

அத்தான் உன்னை விசாரித்தார் என்று எழுத ஆசைதான். விசாரிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். லிஃப்டோடு மேலும் கீழும் போய்வந்த மனுஷன் இப்போது சுற்றிச் சுற்றி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லாதே.

நீ விழுந்து விழுந்து சிரிக்க ஒரு கதை வைத்திருக்கிறேன். நடந்தது எங்கள் ஆலையில், பிப்ரவரியில்.

ஒரு பாடகி. பெரிய பெயர் இல்லை. தன் கைக்காசைப் போட்டு முன்னூறு தட்டு அடிக்கச் சொன்னார். பாட்டைப் போனில் விடவே மாட்டாராம், தட்டில் மட்டும்தானாம். பக்கத்துக்கு நாலு பாட்டு. மாதிரித் தட்டை எங்கள் கேட்பறைக்கு வந்து கேட்டார், சரி என்று கையெழுத்துப் போட்டார், போனார். அதன் பிறகு மெஷினில் மாட்டும்போது இரண்டாம் பக்கத்தின் அச்சில் விரிசல் தெரிந்தது. அச்சு என்பது ஒரு வட்டமான நிக்கல் தகடு, அதை அழுத்தித்தான் தட்டில் வரி விழுகிறது. மாற்று அச்சு அலமாரியில் இருந்தது. பாடகியின் எண் 86. மெஷின்காரர் 86 என்று பார்த்து எடுத்து வந்தார். ஆனால் அது 98. வட்டத் தகட்டுக்கு மேல் எது, கீழ் எது? தலைகீழாகப் பிடித்தால் 98 என்பது 86 ஆகிவிடும். அதனால்தான் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்று வழக்கம். யாரோ கிழிக்கவில்லை.

98 என்பது கூரைத் தகடு செய்யும் ஒரு கம்பெனி. அவர்களுடைய மேனேஜர் ஓய்வு பெற்றபோது பேசிய பிரிவுரையைத் தட்டாக்கி ஊழியர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆக, பாடகியின் தட்டில் முதல் பக்கம் பாட்டு, இரண்டாம் பக்கம் கூரைத் தகடு மேனேஜர் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்!

வேறொரு ஷிஃப்டின் பரிசோதகர்தான் அதைப் பார்த்து அனுப்பியவர். பாவம், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மேனேஜர் பேச்சும் நாலு பகுதியாக இருந்தது, பாட்டும் நாலு. விளக்கில் பார்த்தால் நடுவே மூன்று இடைவெளி சரியாகத்தான் தெரியும். அச்சைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போதுதான் அவருக்கே தெரிந்தது. அதற்குள் பெட்டிகள் போய்விட்டன.

இனிதான் வேடிக்கை. முன்னூறும் விற்றுவிட்டன. இரண்டு மாதம் ஆகிறது. ஒரு புகார்கூட இல்லை! ஒரு விமர்சகர், "முதல் பக்கத்தைவிட இரண்டாம் பக்கம் ஆழமானது, முதிர்ச்சியானது," என்று எழுதியிருக்கிறார். முதிர்ச்சிதான், அந்த மேனேஜருக்கு அறுபது வயது. இன்னொருவர் அந்தத் தட்டோடு ஒரு பூனையையும் காபிக் கோப்பையையும் வைத்துப் படம் போட்டு, "இந்த ஒலியின் வெதுவெதுப்பு போனில் வராது," என்கிறார். உண்மைதான், வராது. போனில் கூரைத் தகடு மேனேஜர் வரமாட்டார்.

நான் ஜனவரியில் எழுதியது நினைவிருக்கிறதா? ஒருத்தரும் கேட்பதில்லை. முன்னூறு பேர் சாட்சி.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

எல்லோரும் நலம். கடையில் ஒருத்தி லீவு, அதனால் நிற்க நேரமில்லை. நிற்பதுதான் வேலை என்றாலும்.

கதை படித்தேன். உங்கள் ஆலையில் விளக்கில் பார்த்தே அனுப்புகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களா? உனக்கு மட்டும்தான் அந்தப் பட்டப்பெயர் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பாடகியின் தட்டு உறை எப்படி இருக்கும்?

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன்.

உறை சாம்பல் நிறம். நடுவில் ஒரு காலி நாற்காலி. பின்பக்கம் பாட்டுகளின் பெயரும் பாடகியின் முகவரியும் இருக்கும். எதற்குக் கேட்கிறாய்? அத்தான் வாங்கியிருக்கிறாரா? வாங்கியிருந்தால் எனக்கு அனுப்பிவிடு. நானே நல்லதாக ஒன்று மாற்றித் தருகிறேன். அவர் ஆலைக்கு எழுத வேண்டியதில்லை. எழுதினால் அது மேனேஜர் மேசைக்குப் போகும், பிறகு விசாரணை, வீண் அலைச்சல். அந்தப் பரிசோதகர் குடும்பஸ்தர்.

ஜூலை வரைக்கும் சத்தம் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது. அத்தான் இரண்டாம் பக்கத்தைப் போட்டுப் பார்த்தாரா? அதை மட்டும் எழுது. முடிந்தால் தபால் கிளம்புவதற்கு முன்பே எழுது.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

நலம். நீ "உடனே" என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே எழுதத் தோன்றவில்லை.

உன் அத்தானிடம் அந்தத் தட்டு இருக்கிறது. மார்ச்சில் வாங்கினார். வாங்கிய அன்றே இரண்டு பக்கமும் கேட்டார். இவர் எந்தத் தட்டை வாங்கினாலும் இரண்டு பக்கமும் கேட்கிற ஜாதி. நீ மாற்றித் தருவதாகச் சொன்னேன். "வேண்டாம்," என்றார். ஆலைக்கு எழுதுவீர்களா என்று கேட்டேன். ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆக, எழுதுவாரா மாட்டாரா என்று எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

உனக்குச் சின்ன வயதிலிருந்தே "வேற ஒருத்தன்" என்று ஒரு சிநேகிதன் உண்டு. ஜன்னல் கண்ணாடியை உடைத்தது அவன். அப்பாவின் சைக்கிளை வாய்க்காலில் விட்டதும் அவன். அவனும் உங்கள் ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்து, குடும்பஸ்தனும் ஆகிவிட்டான் என்று தெரிந்து சந்தோஷம். அவன் மனைவி குழந்தைகளை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நாற்காலி கிடைத்துவிட்டது. பரிசோதனைப் பிரிவுத் தலைவர். எனக்கென்று தனியறை. மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, "விளக்கு இருக்கிற இடத்துல இருட்டு வராது," என்று ஒரு வார்த்தை பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். போன தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு புகார்கூட இல்லாம ஒப்படைக்கிறேன், அப்படியே வச்சுக்கோ," என்றார்.

அத்தான் எழுதவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. வேறு வேலை இருந்திருக்காது, ஆனாலும் எழுதவில்லை.

பாடகி இன்னொரு முன்னூறு அடிக்கக் கேட்டிருக்கிறார். இந்த முறை சரியான அச்சை நானே எடுத்து, நானே கோடு கிழித்து, நானே மாட்டச் சொல்லிவிட்டேன். ஆக, அந்தக் கதை அத்தோடு முடிந்தது. முதல் முன்னூறும் சுவரில் தொங்குகின்றன. தொங்கட்டும். சுவருக்குக் காது கிடையாது.

உன் ஜூன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியவில்லை, எழுதுகிறேன். முதுகு, முழங்கால் எல்லாம் இன்னொரு நாள் விசாரிப்போம்.

அந்தப் பாடகி நேற்று ஆலைக்கு வந்தார். புதுத் தட்டுகளை எடுத்துப்போக வந்தவர், என் அறையைக் கேட்டு வந்து நின்றார். சின்ன உருவம், தோளில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்கதான் என் தட்டைக் கேட்டு அனுப்பினவராமே. ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு."

"அதெல்லாம் எங்க வேலைம்மா."

"இல்ல சார். வாங்கினவங்க எல்லார்கிட்டயும் கேப்பேன், ரெண்டாம் பக்கத்துல எது பிடிச்சுதுன்னு. எல்லாமே பிடிச்சுதுங்கிறாங்க. எல்லாமேன்னா என்ன சார் அர்த்தம்? கேக்கலைன்னுதானே அர்த்தம்?" என்று சிரித்தார். "என் வீட்டுலயே பிளேயர் கிடையாது, நான் யாரைச் சொல்ல? நானும் சுவத்துலதான் மாட்டியிருக்கேன். ஆனா ஒருத்தர் கட்டாயம் கேட்டிருப்பாரு, ஆலையில பரிசோதனை பண்றவருன்னு நினைச்சுக்குவேன். அது ஒரு தைரியம். அந்தக் கடைசிப் பாட்டு எப்படி இருந்துச்சு சார்?"

"நல்லா இருந்துச்சும்மா."

"எந்த இடம்?"

அக்கா, எந்த இடம் என்று கேட்டுவிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் கூப்பிடுகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். மெஷின் யாரையும் கூப்பிடாது. நான் திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அன்று மதியம் கேட்பறையைப் பூட்டிக்கொண்டு, பிப்ரவரியில் அவர் கையெழுத்துப் போட்ட மாதிரித் தட்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தை முழுக்கக் கேட்டேன். அற்புதம் என்று எழுத மாட்டேன். முதல் பாட்டு இழுக்கிறது. மூன்றாவதில் ஒரு இடத்தில் சுருதி விலகுகிறது. கடைசிப் பாட்டில் வாத்தியம் எல்லாம் நின்ற பிறகும் அவர் ஒரு வரி தனியாகப் பாடுகிறார். பிடிமானமே இல்லாமல், விழுந்துவிடுவார் என்று நாம் நினைக்கிற மாதிரி. விழவில்லை. "எந்த இடம்?" என்று கேட்டால் நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அதைத்தான் முன்னூறு பேருக்கும் நான் அனுப்பவில்லை. வேறொருத்தன் இல்லை, நான்.

நானே போய் அவரிடம் சொல்லிவிடலாம். நாற்காலி போகும், போகட்டும். ஆனால் சொன்னால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "எத்தனை பேர் திருப்பிக் குடுத்தாங்க?" அதற்கு நான் யாருமில்லை என்று சொல்ல வேண்டும். தட்டு தப்பு என்று சொல்வது வேறு. முன்னூறு பேரில் ஒருத்தர்கூட உங்கள் இரண்டாம் பக்கத்தைத் தேடவில்லை என்று ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. இவ்வளவு நாளும் அதைத்தான் நான் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய ஆள் எதிரே வந்து நின்றபோது, மெஷின் கூப்பிடுகிறது என்று ஓடிவிட்டேன்.

அத்தானை ஒரு புகார் எழுதச் சொல். என் பெயரைப் போட்டே எழுதட்டும். ஒரே ஒருத்தர் போதும், அக்கா.

தம்பி


செப்டம்பர் 1

தம்பிக்கு,

நலம். நீ நலமில்லை என்று உன் எழுத்தே சொல்கிறது, அதனால் விசாரிக்கவில்லை.

மே மாதம் புகார் எழுதாதே என்று கெஞ்சினாய். ஆகஸ்டில் புகார் எழுது என்று கெஞ்சுகிறாய். இரண்டு முறையும் இவரிடம் நேராகக் கேட்க உனக்குத் தைரியம் வரவில்லை. இடையில் "வேறு வேலை இருந்திருக்காது" என்று வேறு எழுதினாய். அதைப் படித்த அன்று உனக்கு இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். அதுதான் உனக்குப் பதில் வராத காரணம். நீ முந்திக்கொண்டாய்.

உனக்கு எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். மார்ச்சில் அந்தத் தட்டைத் திருப்பிப் போட்டபோது நான் சமையலறையில் இருந்தேன். ஆண் குரல் கேட்டது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பிளேயரிலிருந்து அந்த மேனேஜர், "என் பேச்சு நீளம்னு உங்களுக்கெல்லாம் தெரியும். இன்னிக்கு யாரும் நழுவ முடியாது, கதவுல செக்யூரிட்டியை நிறுத்தியிருக்கேன்," என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. இவரும் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு இவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

தப்பான தட்டு என்று இவருக்கு உடனே தெரியும். உங்கள் ஆலை என்றும் தெரியும், உன் வேலையாக இருக்கலாம் என்றும் தெரியும். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக் கேட்கிறார். அந்த மேனேஜர் ஒவ்வொரு பிரிவாக எடுத்து நன்றி சொல்கிறார். பெயர் மறந்து தடுமாறுகிறார், யாரோ கூட்டத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள், மூக்கைச் சிந்துகிறார். கடைசியில் எல்லோரும் எழுந்து நிற்கிற சத்தம், நாற்காலிகள் இழுபடுகின்றன. அந்த இடம் வந்ததும் இவரும் எழுந்து நிற்பார். தட்டை எடுக்க எழுகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஊசி நடுவுக்குப் போய்விடும், தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், இவர் நின்றுகொண்டே இருப்பார்.

முப்பத்தொரு வருஷம், தம்பி. இவருக்குக் கேட் திறக்கவில்லை, அவ்வளவுதான். இந்த மாதிரி விஷயத்தை உனக்கு எழுதினால் நீ அதையும் ஒரு கதையாக்கி எங்காவது சிரிப்பாய் என்று எழுதவில்லை. இப்போது நானும் கூடப் போய் உட்காருகிறேன். கூரைத் தகடு பற்றி உனக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேள்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை இவரிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார். "உன் தம்பி இப்பதான் ஒரு தட்டை முழுசா கேட்டிருக்கான்," என்றார். எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா


செப்டம்பர் 15

பெறுநர்: பரிசோதனைப் பிரிவுத் தலைவர்
நகல்: ஆலை மேனேஜர்
நகல்: பாடகி அவர்கள், உறையின் பின்பக்கத்தில் உள்ள முகவரிக்கு

ஐயா,

வணக்கம். புகார்க் கடிதத்தில் நலம் விசாரிக்கும் வழக்கம் உண்டா என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் ஆலையில் அடித்த இசைத்தட்டு ஒன்றை மார்ச் மாதம் வாங்கினேன். சாம்பல் நிற உறை, நடுவில் நாற்காலிப் படம். முதல் பக்கத்தில் நான்கு பாட்டுகளும் சரியாக உள்ளன. பல முறை கேட்டேன். மூன்றாவது பாட்டில் பாடகி ஒரு சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்று மூச்சு எடுக்கிறார். அந்தச் சொல்லைச் சொல்லாமலே விட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். பிறகு சொல்கிறார். அந்த இடத்துக்காக நான் ஊசியைத் திரும்ப வைத்த நாட்கள் உண்டு. இதை அவரிடம் தெரிவிக்கவே நகல்.

இரண்டாம் பக்கத்தில் பாட்டு இல்லை. கூரைத் தகடு கம்பெனி மேனேஜர் ஒருவரின் பிரிவுரை உள்ளது. உரையில் குறையொன்றும் இல்லை, நன்றாகவே பேசியிருக்கிறார். ஆனால் உறையில் எழுதியிருப்பது நான்கு பாட்டுகளின் பெயர். அந்த நான்கும் எனக்கு வரவேண்டியவை. முதல் பக்கம் கேட்டவனுக்கு இரண்டாம் பக்கம் என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. அவை போனிலும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

நான் லிஃப்ட் பழுதுபார்த்தவன். வேலை முடிந்ததும் லிஃப்டில் நானே ஏறி மேலும் கீழும் ஒருமுறை போய்வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். வெளியே நின்று விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டதில்லை. தங்கள் பரிசோதகர் ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தத் தட்டுகளை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் கேட்கிறேன். என் மனைவியும் கேட்கிறாள். இதை அவருக்குத் தெரியப்படுத்தவும்.

சரியான இரண்டாம் பக்கம் கொண்ட தட்டு ஒன்றை உடனே அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாகப் பழைய தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது தங்கள் விதியானால், அதற்கு நான் கட்டுப்பட முடியாது. அது எனக்கு வேண்டும். 

இப்படிக்கு,
வாங்கியவன்